சோபா பக்கத்தில் ஒரு சின்ன மேசை: கொங்கு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களும், அப்பாரு காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டுகிறவர்களும் பக்க மேசை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சோபா, கட்டில், டைனிங் டேபிள் எல்லாம் முடிவான பிறகு மிச்சப் பணத்தில் ஏதோ ஒன்று என்று வாங்கப்படும் சாமான் இது. ஆனால் வீட்டில் உட்காருகிற ஒவ்வொருவரின் கையும் தேடுவது இதைத்தான். அதனால் அறைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன்னால், அங்கே உட்காரப் போகிறவரின் கைக்கு எது எட்டும் என்று பாருங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

நடுவில் டீப்பாய் இருக்கிறதே, பக்கத்தில் இன்னொன்று எதற்கு?

சோபாவின் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு நடு டீப்பாய் எட்டாது. டம்ளரை வைக்க ஒரு தடவை குனிய வேண்டும், எடுக்க இன்னொரு தடவை. முட்டி வலி, இடுப்பு வலி உள்ள பெரியவர்கள் அதற்காகவே டம்ளரைக் கையிலேயே பிடித்திருப்பார்கள், இல்லை காலடியில் வைப்பார்கள். கைப்பிடியை ஒட்டி ஒரு மேசை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி, மாத்திரை, போன், செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது.

ஹால் சிறியது என்றால் நடு டீப்பாயை எடுத்துவிட்டு இரண்டு ஓரத்திலும் பக்க மேசை போடுங்கள் என்றுதான் சொல்வேன். குழந்தைகள் ஓடி விளையாட நடுவில் இடம் இருக்கும். ஒரம்பரை (உறவினர்) நிறையப் பேர் வந்துவிட்டால் அதே இடத்தில் பவானி ஜமக்காளத்தை விரித்துவிடலாம்.

எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்?

சோபா கைப்பிடியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். மேசையின் மேல்பலகை அதற்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். இப்போது விற்கும் சோபாக்களில் கைப்பிடி பெரும்பாலும் 22 முதல் 26 அங்குலம் வரை இருக்கிறது. மேசை அதற்கு மேல் உயர்ந்தால் முழங்கை இடிக்கும், டம்ளரை எடுக்கத் தோளைத் தூக்க வேண்டியிருக்கும். ரொம்பத் தாழ்ந்தால் குனிய வேண்டியதாகிவிடும். அப்புறம் டீப்பாய்க்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

ஈசிசேருக்குக் கணக்கு வேறு. அதில் சாய்ந்திருப்பவரின் கை தாழ்வாக இருக்கும், 16 முதல் 18 அங்குலம் போதும். அந்த உயரத்தில் பழைய ஸ்டூல்களே நிறையக் கிடைக்கும். ஊஞ்சல் பக்கத்தில் மேசையே வேண்டாம். ஆடும்போது பலகையின் முனை எங்கேயெல்லாம் போகும் என்று பார்த்து, அதற்கு வெளியே சுவரில் ஒரு சின்னத் தட்டுப் பலகை அடித்துக்கொள்ளுங்கள்.

அகலம் 15 முதல் 20 அங்குலம் இருந்தால் ஒரு விளக்கும் இரண்டு டம்ளரும் தாராளமாக நிற்கும். ஆழம் சோபாவின் ஆழத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நடக்கிற வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும். மேசைக்கும் எதிரே உள்ள சுவருக்கோ நாற்காலிக்கோ நடுவில் 2 அடியாவது விடுங்கள், இரண்டரை அடி விட்டால் தட்டு ஏந்தி வருகிறவர் தடையில்லாமல் வரலாம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் இருக்கும் அட்டைப்பெட்டிகளை நினைத்த உயரத்துக்கு அடுக்கி, மேலே ஒரு தட்டு வைத்து இரண்டு நாள் புழங்குங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே எட்டவில்லை என்று அவர் சொல்வதுதான் சரியான அளவு.

ஊர் வீட்டில் பழைய சாமான் நிறையக் கிடக்கிறது. எதைப் பக்க மேசையாக மாற்றலாம்?

கேட்கும்போதே சந்தோஷமாக இருக்கும் கேள்வி இது. ஏனென்றால் நடுவில் முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீட்டைப் பிரிக்கும்போது முதல் வாரத்திலேயே எல்லாம் பழைய மரக் கடைக்குப் போய்விடுகிறது. உத்திரம், தூண், நிலவு (கதவுச் சட்டம்), ஜன்னல் கதவு என்று போகிற அந்த மரம் பல பத்தாண்டுகள் காய்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. இவ்வளவு அடங்கிய மரம் புதிதாகத் தேடினால் எளிதில் கிடைக்காது. லாரி ஏற்றும் முன் நல்ல கட்டை இரண்டை மட்டுமாவது எடுத்து ஒதுக்குங்கள். அறுவை மில்லுக்குக் கொண்டுபோவதற்கு முன் ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும். ஒரே ஓர் ஆணி உள்ளே இருந்தாலும் வாள் போய்விடும் என்பதால் மில்காரர்கள் பழைய கட்டையை வாங்கவே யோசிப்பார்கள்.

முக்காலி கிடைத்தால் விடாதீர்கள். மூன்று கால் உள்ளது எந்தக் கோணல் தரையிலும் ஆடாது, மூன்று புள்ளியும் எப்படியாவது தரையில் படிந்துவிடும். பழைய கல் தளம் போட்ட ஆசாரத்தில் (முன்கூடத்தில்) நான்கு கால் மேசை படுத்தும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே எச்சரிக்கை: இரண்டு காலுக்கு நடுவே விளிம்பில் கனத்தை வைத்தால் சாயும். அதனால் எடையை நடுவில் வையுங்கள்.

மரப்பெட்டி, தகர டிரங்குப் பெட்டி இரண்டும் தாழ்வான சோபாவுக்கு நல்ல ஜோடி. உள்ளே போர்வை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடிக்கடி திறக்கிற பெட்டி என்றால் மேலே எதையும் வைக்க முடியாது என்பதையும் யோசியுங்கள்.

தையல் மெஷின் ஸ்டாண்டைப் பலரும் ஆசையோடு கேட்கிறார்கள். வார்ப்பிரும்புப் பின்னல் அழகு, மறுக்க முடியாது. அதன் உயரம் பலகையோடு சேர்த்து 30 அங்குலத்துக்குப் பக்கம் வரும். சோபா பக்கத்தில் அது பொருந்தாது. வாசல் நுழைவில் சாவி வைக்க, டைனிங் பக்கத்தில் தண்ணீர் ஜாடி வைக்க நன்றாக இருக்கும். காலை வெட்டிக் குறைக்கலாம் என்று எல்லா வெல்டிங் பட்டறையிலும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் வார்ப்பிரும்பு சாதாரண ராடில் பற்றவைத்தால் பக்கத்திலேயே விரிசல் விடும். வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்குக் கோவையில் பஞ்சமில்லை, அவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

ஆட்டாங்கல், உரல் இவற்றைக் கவிழ்த்து மேலே கண்ணாடி போட்டு ஹாலில் வைப்பது இப்போது நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நகர்த்தித் துடைக்க முடியாது, டைல்ஸ் மேல் அந்தக் கனம் ஒரே இடத்தில் உட்காரும். முற்றத்திலோ தோட்டத்திலோ மரத்தடியில் ஒரு நாற்காலி பக்கத்தில் வைத்தால் மழைக்கும் வெயிலுக்கும் எதுவும் ஆகாது.

கடையில் ‘அந்தக் காலத்துச் சாமான்’ என்று விற்கிறார்கள். உண்மையில் பழையதுதானா என்று எப்படித் தெரியும்?

மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பாலிஷ் எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம், அடிப்பக்கம்தான் உண்மை சொல்லும். கையால் இழைத்த மரத்தில் விரலை ஓட்டினால் இழைப்புளி போன மெல்லிய அலை தெரியும். மெஷினில் ஓடிய மரம் ஒரே சீராக இருக்கும். மூட்டுகளைப் பாருங்கள்: துளை போட்டு நாக்கைச் செருகி, குறுக்கே மர ஆணி அடித்திருந்தால் பழைய வேலை. ‘பிளஸ்’ தலை ஸ்குரூ 1930-களில்தான் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுப் புழக்கத்துக்கு வந்தது. நூறு வருடம் என்று சொல்கிற மேசையில் அது இருந்தால், பிற்பாடு பழுது பார்த்திருக்கிறார்கள் அல்லது சொல்வது சரியில்லை. பலகை ஓரத்தில் அடுக்கு அடுக்காக வரி தெரிந்தால் பிளைவுட்.

வட்ட மேசைக்கு இன்னொரு சோதனை உண்டு. மரம் நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். அதனால் உண்மையிலேயே பழைய வட்டப் பலகை முழு வட்டமாக இருக்காது. டேப்பை நார் ஓடும் திசையில் ஒரு தடவை, அதற்குக் குறுக்கே ஒரு தடவை வைத்து அளந்தால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். இரண்டும் துல்லியமாக ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம்.

வாங்குவதற்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு வரை போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போவதென்றால் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அவ்வளவு சாமானை ஒரே இடத்தில் பார்த்தால் கண் பெரிதைத்தான் தேடும், வீட்டுக்கு வந்ததும் இடம் இருக்காது. ஆனால் விலை கொடுத்து வாங்கும் முன்னால் அப்புச்சி வீட்டுப் பரணையும் மாடு கட்டும் கட்டுத்தரை ஓரத்துக் கொட்டகையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பழைய மேசைக்கு அடியில் மாவு போலக் கொட்டுகிறது. தூக்கிப் போட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். மாவு போல மெல்லிய தூளும் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் இருந்தால் அது உளுப்பூச்சி. தூளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் துணியோ தாளோ விரித்து வையுங்கள். ஒரு மாதத்தில் புதிதாகத் தூள் விழவில்லை என்றால் பூச்சி எப்போதோ போய்விட்டது, ஓட்டையை மெழுகால் அடைத்தால் போதும். விழுந்தால் அது உயிரோடு இருக்கிறது. பாலிஷைச் சுரண்டிவிட்டு வெறும் மரத்தில் போராக்ஸ் கரைசலை இரண்டு மூன்று தடவை ஊறும்படி பூசலாம், அல்லது பூச்சி மருந்து அடிக்கிறவர்களைக் கூப்பிடலாம். சரியாகும் வரை மற்ற மரச்சாமானுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பெரும்பாலும் பூச்சி தின்பது மரத்தின் வெளிப்பக்கத்து இளம் பகுதியான வெள்ளையைத்தான், நடுவில் முற்றிய வைரத்தை விட்டுவிடும். வைரம் பாய்ந்த பகுதி நன்றாக இருந்தால் ஆசாரி வெள்ளையை மட்டும் எடுத்துவிட்டு வேறு துண்டு சேர்ப்பார். கரையான் பிடித்தது என்றால் மேசையை விட வீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வருகிறது.

புதிதாகச் செய்யச் சொல்கிறோம். தேக்குதான் போட வேண்டுமா?

தேக்கு என்றால் நமக்கு ஒரு மரியாதை. அது காரணமில்லாமல் வந்ததும் இல்லை. ஆனைமலையில் வெட்டிய தேக்குக் கட்டைகளை மலைச் சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் இன்று டாப்சிலிப். வெட்டி வெட்டிக் காடு தேய்ந்த பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வன அதிகாரி ஹியூகோ வுட் அங்கே தேக்கை மறுபடி வளர்த்தெடுத்தார். அவர் கல்லறையும் அந்தக் காட்டில்தான் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்டுவிட்டார்கள். இத்தனை பக்கத்தில் விளைந்த மரம் நம் வீடுகளில் நிறைந்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்றைக்குக் கடையில் ‘பர்மா தேக்கு’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் கேள்வி கேளுங்கள். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருகிற தோட்டத் தேக்கு இப்போது சந்தையில் நிறைய. அது மோசம் என்று சொல்லவில்லை. சின்ன வயதில் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம் இருக்கும், அதைப் பார்த்து விலை பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பக்க மேசைக்குத் தேக்கு கட்டாயம் இல்லை. வெயிலிலும் மழையிலும் நிற்கப் போவதில்லையே. என் முதல் தேர்வு வாகை. நம் தோட்டத்து வரப்புகளில் வளர்வது, வைரம் நல்ல பழுப்பு நிறம், வரி அழகாக ஓடும். அறுக்கும்போது தூசி தும்மல் வரவைக்கும் என்று ஆசாரிகள் சொல்வது உண்மைதான், செய்து முடித்த பிறகு அந்தத் தொல்லை கிடையாது. பூவரசும் நல்லது, வழவழப்பாக இழையும். வேம்பைப் பூச்சி அதிகம் அண்டாது, ஆனால் நன்றாகக் காயாமல் செய்தால் வெடிக்கும். வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் எடை குறைவு. வாகாக அறுத்தால் வலைப் பின்னல் போன்ற வரி தெரியும், பூச்சி மருந்து ஏற்றியதாக வாங்குங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் வயதான தென்னையை வெட்டும்போது அதன் வெளிச்சுற்று மரத்தைக் கேட்டு வாங்கலாம். நடுப்பகுதி பஞ்சு போல இருக்கும், வேண்டாம். வெளிச்சுற்று கெட்டியாக, கறுப்புப் புள்ளி வரியோடு வேறு எந்த மரத்திலும் இல்லாத தோற்றம் தரும். நார் கைக்குக் குத்தாமல் இருக்க நன்றாகத் தேய்த்து பாலிஷ் போட வேண்டும்.

எந்த மரமானாலும் காய்ந்திருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஈரம் அளக்கும் மீட்டர் இப்போது பல டிப்போக்களில் இருக்கிறது, 12 சதவீதத்துக்குள் காட்டினால் வாங்குங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் அகலப் பலகையில் எபாக்சி பிசின் ஊற்றிச் செய்யும் மேசைகளுக்கும் இதே விதிதான். உள்ளே ஈரம் இருந்தால் எபாக்சியை விட்டு மரம் பிரிந்துவிடும்.

ஆசாரியிடம் எவ்வளவு மரம் என்று கணக்குச் சொல்வது?

மரம் கன அடியில் விற்கிறது, ஒரு கன அடி 1,728 கன அங்குலம். 18 அங்குலச் சதுரப் பலகை, ஓர் அங்குல கனம் என்றால் 324. ஒன்றரை அங்குலச் சதுரக் கால், 22 அங்குல உயரம், நான்குக்கும் சேர்த்து 198. பலகைக்குக் கீழே ஓடும் சட்டங்கள் 15 அங்குல நீளம், 3 அங்குல அகலம், ஓர் அங்குல கனத்தில் நான்கு, மொத்தம் 180. கூட்டினால் 702, அதாவது 0.4 கன அடிக்குச் சற்றுமேல். அறுவையிலும் இழைப்பிலும் போகும் சேதாரத்தைச் சேர்த்து 0.6 வரை வரும். அரை கன அடிக்குச் சற்று மேலேதான் மரம், மீதி எல்லாம் கூலி. அதனால் மரத்தில் மிச்சம் பிடிப்பதை விட நல்ல கையாக ஒரு ஆசாரியைப் பிடிப்பது லாபம்.

அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்ட வேண்டாம், ஸ்குரூவுக்கு நீள்துளை போட்டு மரம் அசைய இடம் கொடுக்க வேண்டும். கால்களுக்கு அடியில் அரை அங்குல ரப்பர் புஷ் மாட்ட வேண்டும். நம் வீடுகளில் தரையை அடிக்கடி தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம், மரக் கால் வழியாகத்தான் ஈரம் ஏறுகிறது.

ரெடிமேடாக, நவீனமாக வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

அதே துடைக்கிற தண்ணீரை. மரத்தூளையும் நாரையும் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பிவிடும், உப்பியது திரும்பாது. தரை வரை பலகை இறங்கும் பெட்டி மேசைகளை அதனால் தவிர்க்கச் சொல்வேன். இரும்புக் கால், மேலே பலகை என்றால் எம்டிஎஃப்கூடப் பல வருடம் வரும்.

இரும்பு என்றால் ஓர் அங்குலச் சதுரக் குழாயில், பவுடர் கோட்டிங் செய்து, நம் ஊர்ப் பட்டறையிலேயே விரும்பிய உயரத்துக்குச் செய்துகொள்ளலாம். பெரிய கடையில் கிடைக்கிற அளவோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் கோவைக்காரர்களுக்கு இல்லை. மேலே போட சமையலறையில் மிஞ்சிய கிரானைட் துண்டு போதும். 18 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோ, ஒன்றரை அடிச் சதுரம் 10 கிலோ வரும். கீழே ஃப்ரேம் அதைத் தாங்கும்படி குறுக்குப் பட்டை கேளுங்கள். கடப்பாக் கல் அழகான கறுப்பு, ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சை ஜூஸ் சிந்தினால் வெளிறிய தடம் விழும்.

அபார்ட்மெண்டில் சோபா சுவரை ஒட்டி இருக்கிறது, பக்கத்தில் இடமே இல்லை.

சி வடிவ மேசை வாங்குங்கள். அடிப்பாகம் சோபாவுக்குக் கீழே நுழைந்துகொள்ளும், பலகை மடிக்கு மேல் வரும். அயர்லாந்தில் பிறந்த வடிவமைப்பாளர் ஐலீன் கிரே 1927-இல் எஃகுக் குழாயும் கண்ணாடியும் வைத்து உயரம் கூட்டிக் குறைக்கும் மேசை ஒன்றை வடிவமைத்தார். கட்டிலில் இருந்தபடியே காலை உணவு சாப்பிட வசதியாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். இன்று லேப்டாப் வைக்க வாங்குகிற மேசைகள் பலவும் அந்த யோசனையின் வழிவந்தவை. வாங்கும் முன் சோபாவுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று மேசை செட்டும் நல்லது. ஒரம்பரை வரும்போது இழுத்துப் போடலாம். ஒற்றைத் தண்டில் நிற்கும் வட்ட மேசை காலில் இடிக்காது. 1957-இல் சந்தைக்கு வந்த, வடிவமைப்பாளர் ஈரோ சாரினெனின் ஒற்றைக்கால் மேசைகள் அறைக்குள் நிற்கும் கால்களின் கூட்டத்தைக் குறைக்கத்தான் அப்படி வடிவமைக்கப்பட்டன.

பழையதும் புதியதும் ஒரே ஹாலில் சேருமா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டுமா?

சேரும். ஒரே மாதிரி வேண்டியதில்லை, இரண்டின் உயரமும் ஓர் அங்குலத்துக்குள் ஒத்திருந்தால் போதும்.

கனத்தைப் பார்த்துச் சேருங்கள். தரை வரை இறங்கும் பெரிய எல் வடிவ சோபா பக்கத்தில் மெல்லிய கால் உள்ள பழைய மேசை, முக்காலி வைத்தால் இரண்டும் எடுபடும். பிரம்பு சோபா, மெல்லிய மர சோபா பக்கத்தில் பெட்டி போன்ற கெட்டியான உருவம் வேண்டும். மர நிறத்தில் கிட்டத்தட்ட ஒத்துப்போவதுதான் பிரச்சினை. சோபாவின் மரத்துக்கு ஒரு மாற்று மட்டும் வேறுபட்ட மேசை, பொருத்தப் பார்த்துத் தோற்றது மாதிரி தெரியும். நன்றாக வெளுப்பாக, அல்லது நன்றாகக் கறுப்பாக எடுங்கள்.

தரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் மேல் கண்ணாடியும் குரோமும் இருப்பதே தெரியாது, மரம் நிற்கும். பழைய சிவப்பு ரெட் ஆக்சைடு தரையில் கருமரம் அமுங்கிப்போகும். அங்கே பிரம்பு, பித்தளை, வெளிர் மரம் எல்லாம் அற்புதமாக இருக்கும்.

மேலே என்ன வைப்பது?

பாதியை வெறுமையாக விடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம். பலகை முழுக்க பொம்மையும் போட்டோவும் நிறைந்த மேசையில் வந்தவர் டம்ளரை வைக்க இடம் தேடுவார். அது வந்தவரை நிற்க வைத்த மாதிரி.

மீதிப் பாதியில் உயரமாக ஒன்று, தாழ்வாக ஒன்று வைத்தால் போதும். பித்தளைச் செம்பில் நாலு கிளை, பக்கத்தில் ஒரு புத்தகம். அல்லது சின்ன உருளியில் தண்ணீர் ஊற்றி சத்தியமங்கலம் மல்லி. உருளிக்குக் கீழே ஒரு தட்டு அவசியம். ரிமோட், சார்ஜர், மாத்திரை அட்டை எல்லாம் வெளியே கிடப்பதுதான் கண்ணை உறுத்துகிறது என்றால் ஒரு இழுப்பறை உள்ள மேசையாகச் செய்துவிடுங்கள்.

துணிக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. கரூரில் வெளிநாட்டுக்கு நெய்து அனுப்பும் டேபிள் ரன்னர், நாப்கின் எல்லாம் உள்ளூரிலும் கிடைக்கின்றன. நெகமம் சேலை நைந்துவிட்டால் முந்தானையை வெட்டி ஓரம் தைத்துப் போடலாம். அம்மாக்கள் குரோஷா பின்னிய வெள்ளை விரிப்பு பெட்டிக்குள் கிடந்தால் வெளியே எடுங்கள், கருமரத்தின் மேல் அதற்கு ஈடு இல்லை. ஜமக்காளம் மேசை மேலே தடிப்பாக நிற்கும், அதை மேசைக்கும் நாற்காலிக்கும் சேர்த்துக் கீழே விரியுங்கள்.

விளக்கு வைக்கலாமா?

கண்டிப்பாக. உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு விளக்குக் கூண்டின் கீழ் விளிம்பு வர வேண்டும், தரையிலிருந்து ஏறக்குறைய 40 முதல் 42 அங்குலம். அதற்கு மேல் போனால் பல்பு கண்ணில் அடிக்கும். 2700 கெல்வின் மஞ்சள் ஒளி பல்பு வாங்குங்கள். நம் வீடுகளில் பிளக்கை நின்றபடி போட வசதியாக நாலடி உயரத்தில் வைத்துவிடுகிறார்கள், வயர் சுவரில் தொங்கும். வயரிங் நடக்கும்போதே சோபா மூலையில் ஓர் அடி உயரத்தில் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

கட்டில் பக்கத்துக்கும் இதே அளவா?

மெத்தையின் மேல்மட்டத்தை அளந்து அதற்குச் சமமாக வையுங்கள். படுத்தபடியே தண்ணீர்ச் செம்பை எடுக்க வேண்டியவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் பலகையைச் சுற்றி கால் அங்குல விளிம்புக் கட்டை அடித்தால் இருட்டில் கை பட்டாலும் கண்ணாடி கீழே விழாது.

எங்கள் வீட்டில் மேற்குப் பக்கம் ஜன்னல். ஆடிக் காற்று பிடுங்குகிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருகிற காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலையில் எதையும் நிற்க விடாது. அந்த ஜன்னலருகே உயரமான கண்ணாடி ஜாடி வேண்டாம், மேசையும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும். மாலை வெயில் நேராக விழும் இடத்தில் ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தை வைக்காதீர்கள், நிறம் வெளுக்கும். விரிப்பு போட்ட இடம் மட்டும் கருத்தும் சுற்றிலும் வெளுத்தும் நிற்கும். சில மாதத்துக்கு ஒரு முறை மேசையைத் திருப்பி வையுங்கள்.

பழைய மேசைக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

தேக்கு, ஈட்டி, வாகைக்கு வேண்டாம். பிளைவுட், கலப்பு மரம் என்றால் தாராளமாக அடியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அமுச்சி வைத்திருந்த ஈட்டி மேசையை அனுப்ப முடியுமா?

முதலில் வயதைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம், அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. ஈட்டி மரத்துக்கு அதோடு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தமிழ்நாட்டில் அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-இல் தனிச் சட்டமே வந்தது. 2017 முதல் அந்த மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தேக்கில் அதே மாதிரி ஒன்று செய்து அனுப்புவது எளிது.

சூடான டம்ளர் வைத்து வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது. போகுமா?

போகும். அது பழைய பிரெஞ்சு பாலிஷாக இருந்தால் அநேகமாக முழுதாகவே போகும். பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. சூடான எவர்சில்வர் டம்ளரின் அடியில் இருந்த ஈரம் அந்தப் படலத்துக்குள் மாட்டிக்கொண்டதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. முதலில் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். பல தடங்கள் அதிலேயே மறையும். போகவில்லை என்றால் மெல்லிய பருத்தித் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, நன்றாகப் பிழிந்து, கிட்டத்தட்டக் காய்ந்த துணியால் வட்டத்தின் மேல் நிற்காமல் ஒரே வீச்சில் துடையுங்கள். ஓர் இடத்தில் நிறுத்தினால் பாலிஷே கரைந்து துணியோடு வரும். முதலில் அடிப்பக்கம் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள், அங்கே ஸ்பிரிட் பட்டுப் பாலிஷ் இளகினால் அது அரக்குதான். இளகவில்லை என்றால் மெலமைனோ பியூவோ (பாலியூரிதேன்) போன்ற புது வகை பாலிஷ் அடித்திருக்கிறார்கள். அதில் வட்டம் அவ்வளவு சீக்கிரம் விழாது, விழுந்தால் பாலிஷ்காரர்தான் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும்.